மண்டபத்துச் சாவி: எங்கள் பிரதேச சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தவிசாளர், உறுப்பினர்கள், செயலாளர் ஆகியோருக்கு,

கடந்த மாதம் உங்கள் அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. நாலே வரி. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை மாலைகளில் நாங்கள் நடத்திவந்த திரையிடலுக்கு இனிப் பொது மண்டபம் தரப்படமாட்டாது, சாவியை ஒப்படைக்கவும் என்று எழுதியிருந்தீர்கள். அன்றைக்கே வந்து சாவியைத் தந்துவிட்டு, பதிவேட்டில் கையெழுத்தும் வைத்தேன். சாவியோடு விஷயம் முடிந்துவிடவில்லை என்பதால்தான் இதை எல்லோரும் வாசிக்கும்படியாக எழுதுகிறேன்.

கடிதத்தில் இரண்டு காரணம் இருந்தது. 'பழைய, பிறமொழிப் படங்களுக்கு இப்பகுதி மக்களிடம் வரவேற்பு இல்லை' என்பது ஒன்று. 'சபைக்கு வருமான இழப்பு' என்பது மற்றது. நேரில் வந்து கேட்டபோது வாய்மொழியாக இன்னும் இரண்டு கிடைத்தன. முதலில் ரோட்டு, பிறகுதான் படம் என்றார் ஒருவர். அதெல்லாம் போனிலேயே கிடக்கிறதுதானே மாஸ்ரர் என்றார் இன்னொருவர். அவர் என்னிடம் படித்தவர், கோபிக்க மனம் வரவில்லை.

இந்தத் திரையிடல் தொடங்கிய காலத்தை முதலில் நினைவுபடுத்துகிறேன். 2023 பங்குனியில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்துபோனது. தேர்தல் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. உறுப்பினர் எவரும் இல்லாத அந்த நாட்களில், ஆவணி மாதம், நான் ஒரு வெள்ளைத்தாளில் கேட்டு எழுதியதற்கு அப்போதிருந்த செயலாளர் இரண்டு நாளில் அனுமதி தந்தார். 2025 வைகாசியில் நாங்கள் வரிசையில் நின்று வாக்களித்து உங்களைத் தெரிவுசெய்தோம். சபை இல்லாத காலத்தில் கிடைத்த மண்டபம், சபை வந்த பிறகு இல்லாமல் போயிருக்கிறது. வாக்களித்த விரல் மை காய்வதற்குள் என்று எழுதினால் மிகை. ஆனால் ஆறு மாதம் பெரிய காலமில்லை.

வரவேற்பு இல்லை என்பதை யார் எண்ணிப் பார்த்தது? நான் எண்ணியிருக்கிறேன். மண்டப வாசலில் ஒரு நாற்பது தாள் கொப்பியும் நூலில் கட்டிய பேனையும் வைத்து, வந்தவர்கள் பெயரையும் ஊரையும் எழுதவிடுவோம். 23 திரையிடலின் கணக்கும் அந்தக் கொப்பியில் இருக்கிறது. ஆகக் குறைவாக வந்தது 11 பேர். அன்றைக்குக் குளம் வான் பாய்ந்து ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர். ஆகக் கூட வந்தது 132 பேர். நாற்காலி போதாமல் பக்கத்துக் கோயிலில் இரவல் வாங்கினோம். அந்த 11 பேர் வந்த நாளையும் குறைத்து மதிக்க வேண்டாம். அன்று காட்டியது ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' (1953). கிழவனும் கிழவியும் நகரத்தில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள். பிள்ளைகளுக்கு நேரமில்லை. அவ்வளவுதான் கதை. ஓசு கமராவைத் தரைக்குப் பக்கத்தில் வைப்பவர், பாயில் குந்தியிருக்கிற ஆளின் கண்மட்டத்தில். வந்திருந்த 11 பேரில் பாதிக்கு மேல், பிள்ளைகளைக் கனடாவுக்கும் லண்டனுக்கும் அனுப்பிவிட்டுத் தனியே இருக்கிற தாய் தகப்பன்மார். படம் முடிந்தபின் ஒருவரும் எழும்பவில்லை. மழையா படமா காரணம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

முப்பது வருடமாகச் சினிமாவைப் பற்றி எழுதுகிறேன். உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும், நாங்கள் எப்படிப் படம் பார்த்தோம் என்று. போர்க்காலத்தில் வன்னியில் கரண்ட் இல்லை. ரீவி, டெக், ஜெனரேற்றர் மூன்றையும் ஒரு இரவுக்கு வாடகைக்கு எடுத்து, கொஞ்சம் பெற்றோல் காட்டி மெசினைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிட்டு, முற்றத்தில் பாய் விரித்து விடிய விடிய மூன்று படம். புகை மணக்கும், சத்தத்தில் வசனம் பாதி கேட்காது. வசனம் கேட்காததால்தான் முகங்களைப் பார்க்கப் பழகினேன் என்று நினைக்கிறேன். என்னுடைய விமர்சனப் படிப்பு அதுதான். மற்றதெல்லாம் பத்திரிகைகளில் கே.எஸ். சிவகுமாரன் போன்றவர்கள் எழுதியதை வெட்டி ஒட்டிப் படித்தது.

பார்த்த ஒவ்வொரு படத்துக்கும் குறிப்பு எழுதி வைத்திருந்தேன். ஒன்பது கொப்பி. 2009 தை மாதம், கடைசிப் போரில் இடம்பெயர்ந்து போகையில், தருமபுரத்தில் ஒரு வளவு மூலையில் பொலித்தீன் பையில் சுற்றித் தாட்டுவிட்டு நடந்தோம். முகாமிலிருந்து வெளியே வந்து அந்த வளவைத் தேடித் தோண்டியபோது பை இருந்தது, உள்ளே கறையான் மண் இருந்தது. இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. உங்களில் பலர் இழந்ததற்கு முன்னால் ஒன்பது கொப்பி ஒன்றுமில்லை. படம் என்பதும் அழிகிற சாமான் என்று எனக்கு அன்றைக்குத்தான் உடம்பில் உறைத்தது, அதற்காகச் சொல்கிறேன். ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்டூடியோ 1983 ஆடியில் எரிக்கப்பட்டது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'நிதானய' என்ற சிங்களப் படத்தின் மூல நெகடிவ் கிடைக்கவில்லை. மிஞ்சியிருந்த பிரதிகளை வைத்து வெளிநாட்டில் 2013 இல் அதை மீட்டெடுத்தார்கள். 'வீடு' படத்தின் நெகடிவ் அழிந்துபோனதைச் சொல்லிச் சொல்லியே பாலு மகேந்திரா கவலைப்பட்டார். ஆக, பழைய படம் என்று நீங்கள் ஒதுக்குகிற சாமான் எங்கேயோ பத்திரமாகப் பெட்டிக்குள் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

இனி அந்த 'வரவேற்பு' விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டாவது திரையிடலில் இத்தாலிய இயக்குநர் வித்தோரியோ டி சிகாவின் 'பைசிக்கிள் தீவ்ஸ்' (1948) காட்டினோம். நான் ஒரு வாரம் இருந்து பேச்சுத் தயாரித்திருந்தேன். போர் முடிந்த ரோம் நகரம், ஸ்டூடியோவை விட்டுத் தெருவுக்கு வந்த கமரா, நாயகனாக நடித்த லம்பெர்த்தோ மஜ்ஜொரானி ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி, நடிகர் அல்ல, இப்படி நாலு பக்கம். சுவரொட்டி ஒட்டுகிற வேலைக்குச் சைக்கிள் வேண்டும். சைக்கிள் அடைவில் இருக்கிறது. அதை மீட்க மனைவி கட்டில் விரிப்புகளை மடித்துக் கொண்டுபோய் அடைவு வைக்கிறாள். அந்த மூட்டையைக் கடைக்காரன் கொண்டுபோய் வைக்கிற இடத்தில், கூரை மட்டும் தட்டுத்தட்டாக அதேமாதிரி மூட்டைகள். அந்தக் காட்சியில் பின்வரிசையிலிருந்து ஒரு அக்கா சத்தமாகச் சொன்னா: "ஐயோ, ஊர் முழுக்க அங்கதான் கிடக்கு." மண்டபம் சிரித்தது. நுண்கடன்காரர் வாசலில் வந்து நிற்கிற கிழமைகளில் அடைவுக் கடைக்கு ஓடிப் பழகிய சனத்தின் சிரிப்பு அது.

படம் முடிந்ததும் நான் என் நாலு பக்கத்தை விரித்தேன். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தம்பி, அவன்ர சைக்கிள் கடைசி மட்டும் கிடைக்கேல்லையோ?"

"இல்லை ஐயா."

"என்ர லுமாலா சைக்கிள் இரட்டைவாய்க்காலோடை போச்சு. ரெண்டு அரிசி மூட்டை, தையல் மெசின்ர தலை, மனிசி. அவ்வளத்தையும் அதிலதான் தள்ளிக்கொண்டு போனனான்."

பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் சைக்கிளைச் சொல்லத் தொடங்கினார்கள். எந்த இடத்தில் ரியூப் போனது, எந்த இடத்தில் டயருக்குள் வைக்கோல் அடைந்து தள்ளியது, எந்த இடத்தில் விட்டது. ஒன்பதரை மணி மட்டும் பேச்சு. என்னுடைய நாலு பக்கமும் சட்டைப்பையில்தான் கிடந்தது. போனில் கிடக்கிறதுதானே என்ற தம்பிக்கு என் பதில் இதுதான்: போனிலும் படம் கிடக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பெரியவர் போனுக்குள் இல்லை.

அந்த 132 பேர் வந்தது 'வீடு' (1988) படத்துக்கு. பாலு மகேந்திரா மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர். பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது, இலங்கையில் 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படப்பிடிப்பை நேரில் பார்த்து, டேவிட் லீன் மழை என்றதும் மழை பெய்ததைக் கண்டு அங்கேயே இயக்குநராவதென்று முடிவெடுத்த ஆள். சின்ன வயதில் தன் அம்மா ஒரு வீட்டைக் கட்டத் தொடங்கி எப்படி மாறிப்போனார் என்ற நினைவிலிருந்துதான் 'வீடு' வந்தது என்று சொல்லியிருக்கிறார். கதை சென்னையில் நடக்கிறது. வாடகை வீட்டிலிருந்து எழும்பச் சொல்லிவிட்டார்கள். வேலைக்குப் போகிற ஒரு பெண், ஒரு தங்கச்சி, வயதான தாத்தா. சொந்தமாக ஒரு சின்ன வீடு கட்டுவோம் என்று இறங்குகிறார்கள்.

இந்தப் படத்தை நான் பலதரம் பார்த்திருக்கிறேன். மின்குமிழ் வெளிச்சமும் யன்னல் வெளிச்சமும் விழுகிற விதம், சொக்கலிங்க பாகவதரின் முகம், இளையராஜாவின் இசைத்தொகுப்பிலிருந்து எடுத்து அங்கங்கே வைத்த இசை என்று எழுதியும் இருக்கிறேன். எங்கள் சனத்தோடு பார்த்தபோதுதான் நான் கவனிக்காத ஒரு படம் உள்ளே இருந்தது தெரிந்தது. அத்திவாரக் குழி வெட்டும்போதே மண்டபம் கதைக்கத் தொடங்கிவிட்டது. ஆழம் காணாது என்றார் ஒரு மேசன். கொந்தராத்துக்காரன் சீமெந்தைக் கடத்துகிற இடத்தில், "பார், பார், மூட்டை போகுது" என்று எச்சரிக்கிறார்கள், திரையில் இருப்பவளுக்குக் கேட்கும் என்பதுபோல. சித்தாள் மங்கம்மா அந்தக் களவைப் பிடித்துக் கொடுக்கும்போது கைதட்டு. ஏன் இருக்காது? வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை லட்சம் ரூபாய், அதுவும் கட்டம் கட்டமாக, அத்திவாரம் முடிந்தால்தான் அடுத்த காசு என்று வாங்கி, மிச்சத்துக்குக் கடன்பட்டு, தாங்களே கல் அரிந்து மண் சுமந்து கட்டிய ஆட்கள் அவர்கள். பூசாத சுவரோடு இன்றைக்கும் எத்தனை வீடு நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும். சினிமா விமர்சகன் வெளிச்சத்தைப் பார்க்கிறான், அவர்கள் சீமெந்துக் கலவையைப் பார்த்தார்கள். பாலு மகேந்திரா இரண்டையும் வைத்திருந்தார்.

தாத்தா ஒருநாள் ஒருவருக்கும் சொல்லாமல் தனியே புறப்பட்டு, பாதி எழும்பிய வீட்டைப் பார்க்கப் போவார். அப்போது கதைப்பு நின்றது. கடைசியில், அந்தக் காணி தண்ணீர் வாரியத்துக்கு எடுக்கப்பட்ட காணி என்று அதிகாரிகள் வந்து சொல்லுகிற இடத்தில் மண்டபத்தில் ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை. படையினரிடமிருந்த தங்கள் காணிக்காக 2017 இல் கேப்பாப்புலவில் வீதியோரம் குந்தியிருந்த சனத்தின் ஊர்ப்பக்கத்தில் அந்தக் காட்சிக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. கௌரவ உறுப்பினர்களே, 1988 இல் வந்த, சென்னையில் எடுத்த ஒரு பழைய படத்துக்கு எங்கள் ஊரில் வரவேற்பு இல்லை என்று நீங்கள் எழுதிய அதே மண்டபத்தில்தான் இது நடந்தது. உங்களில் இரண்டு பேர் அன்று வந்திருந்தீர்கள். கொப்பியில் கையெழுத்து இருக்கிறது.

சிங்களப் படம் போட்டதாக ஒரு முறைப்பாடு வந்ததென்றும் கேள்விப்பட்டேன். கடிதத்தில் அது இல்லை, ஆனால் எல்லாவற்றுக்கும் அதுதான் உண்மையான காரணமோ என்று எனக்கொரு சந்தேகம். போட்டது உண்மை. பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' (1997). பழைய படம் என்று சொல்ல அதற்கு இன்னும் வயது காணாது. ஆனாலும் என் கணக்கில் அது செவ்வியல்தான். கண் தெரியாத ஒரு தகப்பன். ஜோ அபேவிக்ரம அந்தப் பாத்திரத்தில் அநேகமாக ஒன்றுமே செய்யாமல் நடித்திருப்பார். போருக்குப் போன மகன் சீல்வைத்த பெட்டியில் வருகிறான். உள்ளே இருப்பது மகன் என்று தகப்பன் நம்பவில்லை. நட்டஈட்டுப் படிவத்தில் கையெழுத்து வைக்க மறுக்கிறார். கடைசியில் தானே புதைகுழியைத் தோண்டுகிறார். இந்தப் படத்தை 2000 ஆம் ஆண்டில் அரசாங்கமே வெளியிடவிடாமல் தடுத்து, 2001 இல் உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் அது திரைக்கு வந்தது. அரசாங்கம் பயந்த ஒரு படத்துக்கு எங்கள் சபையும் பயப்படுவதென்றால், இரண்டு பயத்துக்கும் காரணம் ஒன்றாக இருக்க முடியாது. நீங்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 மாசியில் காணாமல் ஆக்கப்பட்டோருக்காகத் தொடங்கிய போராட்டத்தில் தொடக்கம் முதல் இருந்த ஒரு அம்மா அன்று படம் பார்க்க வந்திருந்தா. முடிந்ததும் என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "எங்களுக்குப் பெட்டியும் வரேல்லை, தம்பி" என்றா. வேறொன்றும் சொல்லவில்லை. சிங்களம் விளங்கியதா என்று கேட்கத் தோன்றவில்லை.

பிறமொழி என்ற உங்கள் காரணத்தில் நியாயம் இருக்கிறது. முதல் நாலைந்து திரையிடலுக்கு நான்தான் மைக்கில் இருந்து தமிழ் வசனத்தை வாசித்தேன். பெண்குரலுக்கும் என் தொண்டைதான். ஊமைப்படக் காலத்தில் ஜப்பானில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்லுகிறவர்கள் இருந்தார்கள், பென்ஷி என்று பெயர். இயக்குநர் அகிரா குரோசாவாவின் அண்ணன் அப்படியொருவர். பேசும்படம் வந்து அந்த வேலையை இல்லாமல் ஆக்கியது. சும்மா ஒரு தகவலுக்குச் சொன்னேன். எனக்கும் வேலை போய்விட்டது, நல்லவிதமாக. உயர்தரம் படிக்கிற பிள்ளைகள் ஆறு பேர் தாங்களாகவே வந்து, வசனங்களைத் தமிழில் தட்டச்சுச் செய்து படத்தின் அடியில் ஓடவிடப் பழகிக்கொண்டார்கள். ஒரு படத்துக்கு மூன்று வாரம் எடுக்கும். 'பைசிக்கிள் தீவ்ஸ்' படத்தை மூன்று பேர் சேர்ந்து திரும்பவும் செய்தார்கள், என் தமிழ் பழசாம். வன்னிப் பிள்ளைகள் தங்கள் பேச்சில் ஒரு இத்தாலியச் சிறுவனைப் பேசவைத்திருக்கிறார்கள். மகேந்திரன் போன்ற ஒரு இயக்குநர் சமாதான காலத்தில் வன்னிக்கு வந்து தங்கி இளைஞர்களுக்குச் சினிமா சொல்லிக்கொடுத்துப் போன மண் இது. அந்த ஆறு பேருக்கும் சபை எழுதிய பதில் நாலு வரி.

வருமானத்தைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. நாங்கள் சீட்டு விற்கவில்லை. சீட்டு இல்லாத இடத்தில் கேளிக்கை வரியும் இல்லை. மின்மானியைத் தொடங்கும்போதும் முடியும்போதும் குறித்து, மின்சாரக் காசை ஒவ்வொரு மாதமும் கட்டியிருக்கிறோம். பற்றுச்சீட்டுகள் உண்டு. புரொஜெக்டர் என்னுடையது, ஸ்பீக்கர் ஒரு சவுண்ட்ஸ்காரத் தம்பி இனாமாகத் தந்தது, திரை தைத்த இரண்டு வெள்ளை வேட்டி. மண்டபத்தைக் கூட்டிக் கழுவிவிட்டுத்தான் பூட்டினோம். இரண்டாவது சனிக்கிழமைக்குக் கலியாணமோ கூட்டமோ பதிவாகியிருந்தால் நாங்கள் விலகிக்கொண்டோம், நாலு மாதம் அப்படி விட்டுக்கொடுத்தோம். நிறுத்திய பிறகு வந்த இரண்டாவது சனிக்கிழமை மாலையில் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். மண்டபம் பூட்டித்தான் கிடந்தது. வாசல் படியில் இரண்டு ஆடு.

ரோட்டு விஷயம் அப்படி இலேசானதல்ல. எங்கள் உள்வீதிகளின் நிலை எனக்குத் தெரியும், அதில்தான் நானும் சைக்கிள் ஓடுகிறேன். முதலில் ரோட்டு என்கிறவர் பிழையாகச் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு ஒரு கதை சொல்ல வேண்டும். கல்கத்தாவில் விளம்பரக் கம்பெனியில் வேலை செய்த சத்யஜித் ராய் 1952 இல் ஒரு படம் தொடங்கினார். கமராக்காரர் சுப்ரதா மித்ராவுக்கு வயது 21, அதற்கு முன் ஒரு படமும் பிடித்ததில்லை. காசப்பூ என்ற நாணற்பூ பூத்த வெளியில் அக்காவும் தம்பியுமாக ரயில் பார்க்க ஓடுகிற காட்சியை ஒருநாள் எடுத்துவிட்டு அடுத்த கிழமை வந்தால், பூவை மாடு தின்றுவிட்டது. அடுத்த வருடம் பூக்கும் மட்டும் காத்திருந்தார். காசு முடிந்தது. காப்புறுதிப் பத்திரம், இசைத்தட்டுகள், மனைவியின் நகை எல்லாம் போனது. கடைசியில் மேற்கு வங்க அரசு காசு கொடுத்தது. சினிமாவுக்கென்று அரசிடம் நிதி ஒதுக்கு இல்லை. படத்தின் பெயர் 'பதேர் பாஞ்சாலி', பாதையின் பாடல். பெயரில் பாதை இருக்கிறதே என்று வீதி அபிவிருத்திக் கணக்கில் எழுதிக் கொடுத்தார்கள் என்பது அந்தப் படத்தின் வரலாற்றோடு சேர்ந்து வருகிற கதை. 1955 இல் படம் வந்தது. அடுத்த வருடம் கான் விழாவில் பரிசு. நான் வீதிக் காசில் ஒரு சதமும் கேட்கவில்லை. பூட்டிக் கிடக்கிற ஒரு கதவைத் திறக்கச் சொல்கிறேன். அதற்கு ரோட்டை ஏன் குறுக்கே போடுகிறீர்கள்?

நீங்கள் நிறுத்திய மாதம் நாங்கள் காட்டவிருந்த படம் எது தெரியுமா? குரோசாவாவின் 'இகிரு' (1952). அடியில் ஓடும் தமிழ் வசனமெல்லாம் எழுதி முடித்து, அறிவித்தலும் சந்தையடியில் ஒட்டியாகிவிட்டது. படம் ஒரு நகரசபை அலுவலகத்தைப் பற்றியது. தற்செயல்தான், சத்தியமாகச் சொல்கிறேன்.

வத்தனாபே என்று ஒரு பிரிவுத் தலைவர். முப்பது வருடமாக ஒருநாள் லீவு எடுக்காதவர். முன்னால் கோவைகள் மலைபோலக் குவிந்திருக்க, ஒவ்வொரு தாளாக எடுத்து முத்திரை குத்துகிறார். அந்த நேரம் ஒரு குடியிருப்புத் தாய்மார் கூட்டமாக வருகிறார்கள். பிள்ளைகளுக்கு நோய் தருகிற ஒரு சாக்கடைக் குட்டையைத் தூர்த்து ஒரு விளையாட்டிடம் செய்து தாருங்கள் என்று கேட்கிறார்கள். அவர் அவர்களை வேலைப் பகுதிக்கு அனுப்புகிறார். அவர்கள் பூங்காப் பகுதிக்கு, பூங்கா சுகாதாரத்துக்கு, இப்படி மேசை மேசையாகச் சுற்றி, கடைசியில் தொடங்கிய யன்னலுக்கே திரும்பி வருகிறார்கள். குரோசாவா இதை வரிசையாக வெட்டி வெட்டிக் காட்டுவார். ஒவ்வொரு மேசையிலும் ஒரு புது முகம், ஒரே பதில். சிரிப்பு வரும். அப்புறம் அந்தச் சிரிப்பு தொண்டையில் நிற்கும்.

வத்தனாபேக்கு வயிற்றில் புற்றுநோய். தெரிந்த பிறகு குடித்துப் பார்க்கிறார், ஊர் சுற்றிப் பார்க்கிறார், ஒன்றும் சரிவரவில்லை. பிறகு அந்தத் தாய்மாரின் கோவை நினைவுக்கு வருகிறது. இந்த இடத்தில் குரோசாவா செய்ததை வேறு இயக்குநர் செய்யப் பயப்படுவார். நாயகன் செத்துப்போகிறார், படம் இன்னும் நிறைய மிச்சமிருக்கிறது. மிச்சம் முழுவதும் செத்தவீடு. அதிகாரிகள் இருந்து குடித்துக்கொண்டு, அந்தப் பூங்கா யாருடைய சாதனை என்று கதைக்கிறார்கள். பிரதி மேயர் தன்னுடையது என்கிற தோரணையில் பேசிவிட்டுப் போகிறார். தாய்மார் மட்டும் வந்து ஒரு வார்த்தையும் பேசாமல் அழுதுவிட்டுப் போகிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாக உண்மை வெளியே வர, வெறியில் எல்லோரும் சத்தியம் செய்கிறார்கள், நாளையிலிருந்து நாங்களும் அவரைப்போல வேலை செய்வோம் என்று. அடுத்த நாள் அலுவலகம். புது முறைப்பாடு ஒன்று வருகிறது. வேறு பகுதிக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஒரே ஒருவன் மட்டும் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்புகிறான். பிறகு மெதுவாகக் குந்துகிறான். கோவைக் குவியல் அவன் முகத்தை மறைத்துவிடுகிறது.

தக்காஷி ஷிமுரா என்ற நடிகர் பனி கொட்டும்போது அந்தப் பூங்கா ஊஞ்சலில் இருந்து பழைய பாட்டொன்றைப் பாடுகிற காட்சியை நான் முதலில் பார்த்தது ஒரு பதினாலு அங்குல ரீவியில், ஜெனரேற்றர் இடையில் நின்று திரும்ப ஓடிய ஒரு இரவில். அதைப் பெரிய திரையில், எங்கள் சனத்தோடு, எங்கள் பிள்ளைகள் எழுதிய தமிழோடு பார்க்க வேண்டும் என்பது என் இருபது வருட ஆசை. அது என் சொந்த ஆசை, அதை உங்கள் மேல் சுமத்த முடியாது. ஆனால் எங்கள் சிறுவர் பூங்காவின் ஊஞ்சலில் ஒரு பக்கச் சங்கிலி போன மாரிக்கே அறுந்துவிட்டது, பலகை ஒற்றைச் சங்கிலியில் தொங்குகிறது என்பதையும் இந்த இடத்தில் எழுதாமல் விட முடியவில்லை.

என்னுடைய கோரிக்கைகள் இவை. மண்டபத்தை மாதத்தில் ஒரு மாலை, இரண்டாவது சனிக்கிழமை ஐந்தரை மணியிலிருந்து ஒன்பதரை வரை, முன்போலக் கட்டணமின்றித் தர வேண்டும். மின்சாரக் காசை நாங்கள் கட்டுவோம், பதிவு இருக்கிற நாளில் விலகுவோம் என்பதையும் எழுத்தில் தருகிறேன். இந்த அனுமதி ஒரு செயலாளரின் நல்ல மனசிலோ ஒரு உறுப்பினரின் கோபத்திலோ தங்கியிருக்கக் கூடாது. சபை அமர்வில் பிரேரணையாக வைத்து, விவாதித்து, ஆதரவா எதிர்ப்பா என்று பதிவுசெய்யுங்கள். எதிராக வாக்களிக்கிறவர்கள் காரணத்தையும் சொல்லட்டும், நான் பொதுமக்கள் பகுதியில் இருந்து கேட்டுக்கொள்வேன். படத்தின் மொழியை வைத்தோ பொருளை வைத்தோ திரையிடலை மறுக்கிற அதிகாரம் சபைக்கு இருக்கிறதென்றால், அது எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் இருக்கிறதென்று கடிதத்தில் குறிப்பிடுங்கள். அந்த ஆறு பிள்ளைகளையும் அழைத்து, அவர்கள் செய்த வேலைக்கு ஒரு சான்றிதழ் கொடுங்கள். அவர்கள் எழுதிய தமிழ் வசனப் பிரதிகளைப் பொது நூலகத்தில் வைக்க ஒரு அலுமாரித் தட்டு ஒதுக்குங்கள், இன்னொரு முறை பொலித்தீனில் சுற்றித் தாட்கிற நிலை வேண்டாம். முறைப்பாடு செய்தவர் யாரென்று நான் கேட்கவில்லை. அவரையும் ஒருநாள் வரச் சொல்லுங்கள்.

அடுத்த அமர்வுக்கு முன் எழுத்தில் பதில் வேண்டும். மண்டபம் திறந்தால் முதல் படம் 'இகிரு'. முன்வரிசையில் தவிசாளருக்கும் உறுப்பினர்களுக்கும் நாற்காலி ஒதுக்கியிருப்போம். 143 நிமிடம், ஆறு மணிக்குத் தொடங்கினால் எட்டரைக்குள் முடியும். ஊஞ்சல் சங்கிலியையும் அதற்குள் பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கொப்பியும் பற்றுச்சீட்டுகளும் கைவசமுள்ள,
உங்கள் வட்டாரத்து வாக்காளன் ஒருவன்